அல்பாக்காவின் ஈற்றும் குட்டியின் முதல் நாளும்: திருவட்டாறு தம்பிக்கு ஒரு விரிவான பதில்

திருவட்டாறு பக்கத்திலிருந்து நியூசிலாந்துக்குப் போய், தென் தீவின் கான்டர்பரி பகுதியில், கம்பளி ரோமத்துக்காக வளர்க்கப்படும் அல்பாக்கா என்ற விலங்கின் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டிருக்கிறார். வீட்டில் அம்மாவோடு மலபாரி ஆடு வளர்த்த பழக்கத்தை வைத்து அல்பாக்காவின் இனப்பெருக்கத்தைக் கவனிக்கலாமா என்பது முதல் கேள்வி. நவம்பரில் ஈற்றுப் பருவம் தொடங்கும்போது பிறக்கும் குட்டிகளை எப்படிப் பராமரிப்பது என்பது இரண்டாவது. ஊருக்குத் திரும்பும்போது நான்கைந்து அல்பாக்காக்களைக் கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் வளர்க்க முடியுமா என்பது மூன்றாவது. நான் கல்குளம் வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவன். அதற்கு முன் அதே தென் தீவில் ஏழு ஈற்றுப் பருவங்களை அல்பாக்கா, லாமா மந்தைகளோடு கழித்தவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

தம்பி, ஆடு உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி அங்கே கைகொடுக்கும். மறு பாதி உங்களைத் தவறான வழியில் கொண்டுபோகும். அல்பாக்காவும் லாமாவும் ஆட்டினம் அல்ல, ஒட்டகக் குடும்பம். ராஜஸ்தானத்து ஒட்டகத்துக்கு இருப்பதைப் போலவே இவற்றுக்கும் 74 குரோமோசோம்கள்தான். பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைகளில், கடல் மட்டத்திலிருந்து 3,500 முதல் 5,000 மீட்டர் உயரத்தில், பகலில் கடும் வெயிலும் இரவில் உறைபனியும் உள்ள மேட்டு நிலத்தில், ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்களால் பழக்கப்படுத்தப்பட்ட உயிர்கள் இவை. அல்பாக்கா விக்குன்யா என்ற காட்டு விலங்கின் வழியிலும் லாமா குவனாக்கோ என்ற காட்டு விலங்கின் வழியிலும் வந்தவை. குட்டி எந்த நேரத்தில் பிறக்கிறது, எத்தனை பிறக்கிறது, பிறந்தபின் தாய் என்ன செய்கிறது என்பதற்கெல்லாம் அந்த மேட்டு நிலத்தின் குளிரை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

முதலில் சினைப்படுத்தும் காரியத்தைப் பார்ப்போம். பெட்டை ஆடு 18 முதல் 21 நாள்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், வாலை ஆட்டும், ஓயாமல் கத்தும். நாம் கிடாயிடம் கொண்டுபோவோம். அல்பாக்காப் பெட்டைக்கு அப்படி ஒரு பருவச் சுழற்சி கிடையாது. இணைசேர்ந்த பிறகுதான் அதன் கருமுட்டை வெளியேறுகிறது. ஆணின் விந்துத் திரவத்திலுள்ள ஒரு புரதமே இதற்குத் தூண்டுகோல் என்பதும், நரம்பு வளர்ச்சிக் காரணி என்று ஏற்கெனவே அறியப்பட்டிருந்த புரதமே அது என்பதும் 2012-இல் உறுதியாயிற்று. இணைசேர்ந்து ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை நாளில் முட்டை வெளிப்படும். ஆகவே பருவ அறிகுறிக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. பெட்டை ஏற்றுக்கொள்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

ஏற்றுக்கொள்ளும் பெட்டை, ஆண் நெருங்கியதும் முன்கால்களை மடக்கிச் சிறிது நேரத்தில் தரையில் படுத்துவிடும். ஆண் அதன்மேல் அமர்ந்து, தொண்டைக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளிப்பதுபோன்ற ஒலியை இடைவிடாமல் எழுப்பியபடி, சராசரியாக 20 முதல் 25 நிமிடம் இணைசேரும். கிடாயின் வேலை கணப்பொழுதில் முடிவதைப் பார்த்துப் பழகியவர்கள், ஏதோ கோளாறு என்று நினைத்துப் பிரித்துவிடுவார்கள். அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம். புழுதியில் படுத்துச் சேர்வதால் மண்ணும் வைக்கோலும் உள்ளே போய்க் கருப்பையில் தொற்று உண்டாகலாம். அதனால் சுத்தமான புல்தரையில் விடுவதும், பெட்டையின் வாலை ஒரு துணிப்பட்டையால் சுற்றிவிடுவதும் நல்லது.

இரண்டு வாரம் கழித்து அதே பெட்டையை ஆணின் முன் மீண்டும் கொண்டுவருவார்கள். சினை பிடித்திருந்தால் அது காதுகளைப் பின்னால் மடித்து, மோவாயை உயர்த்தி, வயிற்றிலிருந்து பச்சைச் சாற்றை எக்கி ஆணின் முகத்தில் உமிழ்ந்துவிட்டு விலகி ஓடும். அந்த நாற்றம் சட்டையை விட்டு இரண்டு நாள் போகாது. பண்ணைக்காரர்கள் இந்த உமிழ்வைத்தான் முதல் சினைச் சோதனையாக நம்புகிறார்கள், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துப் பதிவேட்டில் எழுதிவிடக் கூடாது. முதல் இரண்டு மாதங்களுக்குள் கரு கலைந்துபோவது இந்த இனத்தில் சாதாரணமாக நடப்பது. ஆகவே 30-ஆம் நாளிலும் 60-ஆம் நாளிலும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை. கருப்பைக்குக் கொம்பு எனப்படும் இரண்டு கிளைகள் உண்டு; கரு ஏறக்குறைய எப்போதும் இடது கொம்பில்தான் வளரும், இரட்டைக் குட்டி மிக மிக அபூர்வம். மலபாரி ஆடு இரண்டும் மூன்றும் ஈனுவதைப் பார்த்த கண்ணுக்கு இது வறுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே ஒரு குட்டி என்பதால்தான் ஒவ்வொன்றும் அவ்வளவு பெறுமதியாகிறது.

பெட்டையை 14 முதல் 18 மாதத்துக்குள், வளர்ந்த எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் வந்த பிறகே சேர்க்க வேண்டும். ஆணுக்கு இரண்டரை, மூன்று வயதாக வேண்டும். அதுவரை குறியும் அதன் உறையும் ஒட்டிக்கொண்டிருக்கும், வலிந்து சேர்ப்பதில் பயனில்லை. நிறத்துக்காக இணைகளைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை உண்டு: சாம்பல் நிறத்தோடு சாம்பல் நிறத்தைச் சேர்த்தால் கருக்கள் ஒரு பகுதி உள்ளேயே அழியும், சாம்பலோடு வெள்ளையைச் சேர்த்தால் நீலக்கண்ணும் கேளாக்காதும் உள்ள வெள்ளைக் குட்டி பிறக்க வாய்ப்பு உண்டு. லாமாவும் அல்பாக்காவும் தமக்குள் சேர்ந்து இனப்பெருக்கத் திறனுள்ள கலப்புக் குட்டிகளை ஈனும் என்பதால், இரண்டும் உள்ள பண்ணையில் வேலியைச் சரிபார்ப்பது உங்கள் வேலைகளில் ஒன்றாக இருக்கும்.

ஆட்டுக்கு 150 நாள் என்று விரல்விட்டு எண்ணலாம். அல்பாக்காவின் சினைக்காலம் ஏறத்தாழ பதினொன்றரை மாதம். 335 முதல் 350 நாள் என்று பொதுவாகச் சொன்னாலும், ஒரு வருடத்தைத் தாண்டி 370 நாளில் நல்ல திடமான குட்டி பிறந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாள் கடந்துவிட்டது என்பதற்காக ஊசி போட்டு ஈற்றைத் தூண்டச் சொல்வது இந்த இனத்தில் குட்டியைக் கொல்லும் அவசரம். தாய் மேய்கிறது, அசைபோடுகிறது, மற்றவற்றோடு சேர்ந்து நிற்கிறது என்றால் காத்திருங்கள். தாய் தரையில் புரண்டு, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தீனியை விட்டுவிட்டால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அது மருத்துவர் உடனே பார்க்க வேண்டியது.

ஈற்று நெருங்கும் நாளில் தாய் மந்தையை விட்டு விலகி, புழுக்கை போடும் பொது இடத்துக்கு அடிக்கடி போய் நிற்கும், ஒன்றும் போடாமல் திரும்பும். அல்பாக்காக்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும் என்பதால், அந்த நடமாட்டத்தைத் தூரத்திலிருந்தே கவனிக்கலாம். மெல்லிய குரலில் முனகும். பெரும்பாலான குட்டிகள் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில்தான் பிறக்கும். ஆண்டிஸின் இரவுக் குளிர் வருவதற்குள் குட்டி காய்ந்து, எழுந்து, பால் குடித்து முடிக்க வேண்டுமல்லவா. ஆகவே மாலைக்கு மேல் ஒரு தாய் முக்கத் தொடங்கினால், அதையே சிக்கலின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் பருவத்தில் நடந்தது இது. ஒரு பெட்டை நின்றபடியே ஈன்றுகொண்டிருந்தது. குட்டியின் தலையும் இரண்டு முன்கால்களும் வெளியே வந்து, நீண்ட கழுத்து கீழே தொங்க, தாய் அப்படியே நான்கடி நடந்து புல்லைக் கடித்தது. ஆட்டுக்குட்டிகளை இழுத்தெடுத்துப் பழகிய என் கை தானாக முன்னே போயிற்று. பண்ணையிலிருந்த மூத்த பெண்மணி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, குட்டியின் மூக்கைப் பார்க்கச் சொன்னார். மூக்கிலிருந்து கோழையும் நீரும் நூல்நூலாக வடிந்துகொண்டிருந்தன. தலைகீழாகத் தொங்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் நுரையீரலுக்குப் போகும் வழி சுத்தமாகிறது. அதற்குப் பிறகு நான் அவசரப்பட்டு இழுத்ததில்லை. மூக்கும் இரண்டு கால் நுனிகளும் தெரிந்து, ஒவ்வொரு முக்கலுக்கும் சிறிது முன்னேற்றம் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பனிக்குடம் உடைந்து அரை மணி நேரமாகியும் ஒன்றும் நகரவில்லை, அல்லது தலை மட்டும் வந்து கால் வரவில்லை, அல்லது வால் தெரிகிறது என்றால் மருத்துவரை அழையுங்கள். நஞ்சுக்கொடி ஆறு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழுந்ததைப் புல்லில் விரித்துப் பாருங்கள். ஒரு கால் பெரிதும் ஒரு கால் சிறிதுமான கால்சட்டைபோல் இருக்கும், இரண்டு நுனிகளும் முழுதாக இருந்தால் உள்ளே எதுவும் தங்கவில்லை என்று பொருள். கையால் இழுத்து எடுப்பது அங்கும் தவறு, நம்மூரிலும் தவறு.

குட்டி தரையில் விழுந்ததும் நீங்கள் எதிர்பார்ப்பது நடக்காது. ஆடு உடனே திரும்பிக் குட்டியை நக்கித் துடைக்கும். அல்பாக்கா நக்காது, அதன் நாக்கு அதற்கு ஏற்றதல்ல. குனிந்து மோந்து பார்க்கும், மெல்ல முனகிக் கூப்பிடும், அவ்வளவுதான். தாய் குட்டியை ஒதுக்கிவிட்டது என்று இதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். குட்டியின் உடல் முழுவதும் வெங்காயத் தோல் போன்ற ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். வெயிலும் காற்றும் இருந்தால் அது தானே காய்ந்து உதிர்ந்துவிடும். மூக்கையும் வாயையும் மட்டும் துடைத்துவிட்டு விலகி நில்லுங்கள். ஆனால் மழைத் தூறலோ, தெற்கிலிருந்து வீசும் குளிர்காற்றோ இருந்தால், காய்ந்த துண்டால் நன்கு துவட்டி, காற்று மறைப்புக்குள் தாயோடு சேர்த்து விடுவது உங்கள் பொறுப்பு. உடல் வெப்பம் 37.8 முதல் 38.9 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்துபோன குட்டிக்குப் புட்டிப்பால் புகட்டினால் அது நுரையீரலுக்குப் போகலாம்.

தொப்புள்கொடியை 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியில் முக்கி எடுங்கள். ஒரு சிறு குப்பியில் மருந்தை ஊற்றி, அதைக் கொடியின் மேல் கவிழ்த்து, வயிற்றோடு அழுத்தி முப்பது வினாடி பிடியுங்கள், தெளிப்பது போதாது. முதல் நாளில் இரண்டு மூன்று தடவை செய்யலாம். சிலர் செறிந்த அயோடினைப் பயன்படுத்துவார்கள். அது தோலை வேகவைத்துவிடும்.

இனி சீம்பால். இந்தப் பதில் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. அல்பாக்காவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை; ஆட்டிலும் மாட்டிலும்கூட அப்படித்தான். குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதங்களை அதன் குடல் அப்படியே இரத்தத்துக்குள் விடுவது முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மட்டும். அதிலும் முதல் ஆறு மணி நேரத்தில் திறந்திருக்கும் வாசல் பிறகு வேகமாகச் சாத்திக்கொண்டே வரும். நல்ல குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும், நான்கு மணி நேரத்துக்குள் காம்பைக் கண்டுபிடித்துக் குடிக்கும். ஆட்டுக்கு இரண்டு காம்பு, இதற்கு நான்கு. ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு போன்ற ஓர் அடைப்பு இருக்கும், அதை நகத்தால் மெதுவாக எடுத்து, ஒரு பீய்ச்சு பீய்ச்சிப் பால் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். குட்டி மடிக்கு அடியில் நின்று தலையை ஆட்டுவதைப் பார்த்து, குடித்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். காம்பு ஈரமாக இருக்கிறதா, குட்டியின் வாயோரம் நுரை இருக்கிறதா என்று பாருங்கள்.

குட்டியின் எடையில் பத்து சதவீத அளவு சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும். ஏழு கிலோக் குட்டிக்கு 700 மில்லி. தாய்க்குப் பால் இல்லையென்றால், நோயற்ற மந்தையிலிருந்து கறந்து உறையவைத்த வெள்ளாட்டுச் சீம்பாலையே கொடுக்கலாம். இதற்காகவே பக்கத்து ஆட்டுப் பண்ணையில் முன்கூட்டிச் சொல்லிவைத்து, உறைபெட்டியில் சில புட்டிகள் வைத்திருக்கச் சொல்லுங்கள். உருக்கும்போது கொதிநீரில் போடக் கூடாது, வெதுவெதுப்பான நீரில்தான் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் எதிர்ப்புப் புரதம் கெட்டுப்போகும். சந்தேகம் இருந்தால் பிறந்த 24 மணி நேரத்துக்கும் 48 மணி நேரத்துக்கும் இடையில் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவைச் சோதிக்கலாம். லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. மிகவும் குறைந்தால் மந்தையிலுள்ள வளர்ந்த விலங்கின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியை, மருத்துவர் ஏற்றுவார்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். அல்பாக்காக் குட்டி பிறக்கும்போது 6 முதல் 8 கிலோ இருக்கும், லாமாக் குட்டி 9 முதல் 14 கிலோ. முதல் நாளில் சிறிது குறைவது இயல்பு; அதன் பிறகு நாளுக்கு 100 முதல் 250 கிராம் ஏறவில்லை என்றால் பால் போதவில்லை. ஒரு குட்டி நோய்ப்படுவதை முகம் காட்டுவதற்கு ஒரு நாள் முன்பே தராசு காட்டிவிடும். காது நுனிகள் மடிந்து தொங்கி, முன்பற்கள் ஈறை விட்டு வராமல், கணுக்கால் தளர்ந்து தரையில் பதிந்தால் அது குறைமாதக் குட்டி. அதற்குச் சூடும் அடிக்கடி சிறிது சிறிதான பாலும் தேவை. வாயைத் திறந்து மூச்சுவிட்டு, பால் குடிக்கும்போது திணறினால், மூக்கின் முன் சிறு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு துளைகளிலிருந்தும் ஆவி படிய வேண்டும். படியவில்லையென்றால் மூக்கின் பின்வழி பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம்; அத்தகைய குட்டியை ஈன்ற இணையை மறுபடி சேர்க்கக் கூடாது.

புட்டிப்பாலில் வளரும் ஆண் குட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஒரு தாயற்ற ஆண் குட்டியைச் சமையலறையில் வைத்து வளர்த்தேன். போகுமிடமெல்லாம் பின்னால் வரும், என் தோளில் தலை வைக்கும். மூன்று வயதில் அது என்னைத் தன் எல்லைக்குள் வந்த இன்னோர் ஆணாகக் கருதி, மார்பால் மோதித் தள்ளி, விழுந்த என் தொடையைக் கடித்தது. தவறு என்னுடையது, விலை கொடுத்தது அது. அதை வைத்திருக்க முடியாமல் போயிற்று. ஆண் குட்டிக்குப் புட்டியைக் கொடுத்துவிட்டு உடனே விலகுங்கள், தடவாதீர்கள், கொஞ்சாதீர்கள், மற்ற குட்டிகளோடு மேய்ச்சலிலேயே விடுங்கள்.

தாயை ஈன்று இரண்டு முதல் மூன்று வாரத்தில் மறுபடி சேர்ப்பார்கள், ஆறு மாதத்தில் குட்டியைப் பால் மறக்கடிப்பார்கள். இதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது.

மூன்றாவது கேள்விக்கு என் பதில், கொண்டுவர வேண்டாம் என்பதுதான். அல்பாக்கா வளர்ப்பவர்கள் பாரன்ஹீட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். 120-க்குக் கீழே கவலையில்லை. 150-ஐத் தாண்டினால் கண்காணிக்க வேண்டும். 180-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. நம்மூரில் சாதாரண நாளில் 32 டிகிரி செல்சியஸ் என்றால் அது பாரன்ஹீட்டில் ஏறத்தாழ 90, ஈரப்பதம் 75, கூட்டினால் 165. இரவில் 25 டிகிரிக்கு இறங்கினாலும் ஈரப்பதம் தொண்ணூறை நெருங்குவதால் கூட்டுத்தொகை குறைவதே இல்லை. ஆண்டிஸில் பகல் சூட்டை இரவு வாங்கிக்கொள்ளும். இங்கே அதற்கு ஓர் இரவுகூட ஓய்வு கிடைக்காது. வெப்பம் தாக்கிய ஆண் மாதக்கணக்கில் மலடாகும், சினைப்பெட்டை கருவை இழக்கும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நம் மண்ணைப் பாதி வருடம் ஈரமாக வைத்திருப்பதால், ஆடுகளை வாட்டும் இரத்தம் உறிஞ்சும் குடற்புழு இவற்றையும் விடாது. வேலியோரத்து அரளி சில இலைகளிலேயே இவற்றைக் கொன்றுவிடும். பேச்சிப்பாறைக்கு மேலே போனால் குளிர்ச்சி உண்டு, ஆனால் அது காடு. இதற்கு மேல், வெளிநாட்டிலிருந்து உயிருள்ள கால்நடையைக் கொண்டுவர 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின்படி மத்திய அரசின் அனுமதியும் தனிமைப்படுத்தலும் வேண்டும். அந்தச் செலவையெல்லாம் செய்து, ரப்பர் மரத்தடியில் மூச்சிரைக்க ஒரு விலங்கைப் படுக்கவைக்க உங்களுக்கும் மனம் வராது.

நீங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டியது அங்கே கற்கும் பழக்கங்களை. அம்மாவின் ஆடுகளில் ஒன்று இந்த மாதம் ஈனும் என்று எழுதியிருக்கிறீர்கள். நஞ்சுக்கொடி விழும்வரை குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் குட்டிக்குக் கிடைக்க வேண்டிய சீம்பால் வீணாகிறது, அடுத்த வாரமே கழிச்சலிலும் சளியிலும் குட்டி போகிறது. உண்மையில் குட்டி காம்பைச் சப்பும்போதுதான் கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடியும் எளிதில் விழும். இன்றே அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, குட்டி விழுந்து துவட்டியதும், தொப்புளில் மருந்து வைத்து, அரை மணி நேரத்துக்குள் மடியில் விட்டுவிடச் சொல்லுங்கள். மூன்று குட்டி என்றால் சின்னதை முதலில் பிடித்துக் குடிக்கவைக்கச் சொல்லுங்கள். பெரியவை எப்படியும் தாமே வந்து குடித்துவிடும்.